ரம்பம் தீட்டுகிற அந்தோணி

பெர்னிஸ் முப்பத்திரண்டு வருஷம் பல் செய்தாள். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில், புடவைக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த பல்செட்டுப் பட்டறை. பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். மாவு அச்சைக் கையில் வைத்துக்கொண்டு, மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் கடி பொருந்துகிற மாதிரி பல்செட்டு செய்து திருப்பி அனுப்புவாள். யார் வாய் என்று சீட்டில் பெயர் இருக்கும். முகம் மட்டும் தெரியாது. தான் செய்த பல்லால் ஒருத்தர் சிரித்து அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஐம்பத்தாறு வயதில் வேலையை விட்டாள். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. எட்டு மாதத்தில் அம்மா போய்விட்டார். பெர்த்தில் குடியேறிவிட்ட தம்பி ரோனி அடக்கத்துக்கு வந்து நான்கு நாள் தங்கினான். போகும்போது, வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். சொன்ன விதத்திலேயே அது சொல்ல வேண்டுமே என்று சொன்னது என்பது தெரிந்தது. பண்டமாரானில் இருந்த அந்த ஒற்றை மாடி வரிசை வீட்டில் பெர்னிஸ் மட்டும் மிஞ்சினாள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களும் ஒவ்வொருவராகக் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள்.

ரம்பம் தற்செயலாகத்தான் வந்தது. பின்வீட்டுக் கூரையில் உரசிய ரம்புத்தான் கிளையை வெட்டுவதற்காக, ஞாயிற்றுக்கிழமை பாசார் காராட்டில், துருப்பிடித்த சாமான்களைத் தரையில் பரப்பி விற்கிற அந்தச் சந்தையில், ஒரு பழைய கைரம்பம் வாங்கி வந்தாள். அது கிளையை அறுக்கவில்லை, கடித்துக் குதறியது. பட்டறையில் போட்டிருந்த பூதக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பல்வரிசையைப் பார்த்தாள். பார்த்ததுமே விளங்கிவிட்டது. கடி சரியில்லை. சில பல் உயரம், சில பல் மொட்டை. இடம் ஒன்று வலம் ஒன்றாகச் சாய்ந்திருக்க வேண்டிய பற்களில் பாதி ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. வீட்டிலிருந்த சின்ன முக்கோண அரத்தை எடுத்து உட்கார்ந்தவள் மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் கிளையில் வைத்து இழுத்தபோது வெல்லத்தில் கத்தி இறங்குகிற மாதிரி ரம்பம் இறங்கியது. நெடுநாளைக்குப் பிறகு அவளுக்கு வாய்விட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கேட்க ஆளில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேரே பாசார் காராட்டுக்குப் போனாள். வினிகரில் ஊறப்போட்டுத் துருவைச் சுரண்டினால், அடியில் செய்தவன் பெயரும் ஊரும் மங்கலாக எழும்பி வரும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் செய்த ரம்பங்கள், எழுபது எண்பது வருஷத்துச் சரக்கு. கைப்பிடியில் எவருடைய உள்ளங்கையோ தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய பளபளப்பு இருக்கும். அதை மட்டும் அவள் மெழுகு போட்டுத் துடைப்பதோடு விட்டுவிடுவாள். மற்றதையெல்லாம் பழுது பார்ப்பாள்.

பழைய கருவி சேர்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மாட்கள் என்று இருநூறு பேர், எல்லாருமே ஆண்கள். முதலில் அவள் சொந்தப் பெயரிலும் சொந்தப் படத்தோடும்தான் சேர்ந்தாள். போட்ட முதல் ரம்பத்துக்கே ஒருவர், இது புருஷனுக்கா என்று கேட்டார். இன்னொருவர் தனியாக, தினமும் காலையில் ரோஜாப்பூ படம் அனுப்ப ஆரம்பித்தார். மூன்றாம் வாரம் வெளியேறிவிட்டாள். ஒரு மாதம் கழித்து வேறு எண்ணில் ‘பி. அந்தோணி’ என்று திரும்பச் சேர்ந்தாள். அது பொய்யில்லை. பெர்னிஸ் அவள் பெயர், அந்தோணி அப்பா பெயர். படத்துக்கு ஒரு ரம்பத்தின் கைப்பிடியைப் போட்டாள். அப்புறம் யாரும் ரோஜாப்பூ அனுப்பவில்லை. அரம் எத்தனை நம்பர், எண்ணெய் எது என்று மட்டும் கேட்டார்கள்.

அப்படித்தான் ராதாகிருஷ்ணன் எழுதினார்.

“அண்ணே வணக்கம். ரவாங்லேருந்து ராதாகிருஷ்ணன். நீங்க போட்ட ரம்பத்தப் பாத்தேன். நாப்பது வருஷம் ஃபிட்டர் வேல செஞ்சவன் சொல்றேன், இந்த மாதிரி பல்லு நான் பாத்ததில்ல.”

அவள் நன்றி சொன்னாள். நான் அண்ணன் இல்லை என்று எழுத ஆரம்பித்தாள். அதற்குள் அவரே அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார், இழைப்புளியின் அடிப்பாகம் கோணியிருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று. நல்ல கேள்வி. அதற்குப் பதில் எழுதினாள். மற்றது அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

அடுத்த தடவை என்பது இரண்டு வருஷம் ஆனது.

அவர் சிமெண்டுத் தொழிற்சாலையில் கல் உடைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்துக் காதைத் தொலைத்தவர். போனில் பேசினால் விளங்காது, அதனால் யாரையும் கூப்பிடமாட்டார். எழுத்துதான். அவர் சேர்ப்பது இழைப்புளி, அவள் சேர்ப்பது ரம்பம். மொட்டை ரம்பம் கிடைத்தால் அவர் கூரியரில் கிள்ளானுக்கு அனுப்புவார். கோணல் இழைப்புளி கிடைத்தால் அவள் ரவாங்குக்கு அனுப்புவாள். காலையில் கோப்பி குடிக்கும்போது அவர் செய்தி வந்திருக்கும். மழை, முழங்கால் வலி, மகள் தாமரை தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆனது, நேற்று வாங்கிய உளி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ‘அண்ணே’ இருக்கும்.

தமிழ் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. வந்தேன், போனேன், சாப்பிட்டேன் என்று எழுதினால் எழுதினது ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் அண்ணி சௌக்கியமா என்று ஒரு தடவை கேட்டார். நான் தனிதான் என்று எழுதினாள். தனி என்றால் கஷ்டம்தான் அண்ணே என்று அவர் எழுதினார், அதோடு விட்டுவிட்டார். ஒவ்வொரு செய்தியையும் அனுப்புவதற்கு முன்னால் இரண்டு தடவை படித்துப் பார்ப்பாள், பொய் ஏதும் இருக்கிறதா என்று. இருக்காது. பல்செட்டைக் கடைசியாக மெருகேற்றுகிற மாதிரி அந்தச் செய்திகளை மெருகேற்றி அனுப்பினாள்.

ஒரு மழைநாள் மத்தியானம் அவர் நீளமாக எழுதினார். மனைவி இராஜம்மா இறந்து அன்றைக்கு நான்காவது வருஷம். கடைசி மூன்று மாதம் அந்த அம்மாளால் எழுந்து நடக்க முடியவில்லை. குளிப்பாட்டுவதற்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் வராத நாட்களில் அறையிலிருந்து இராஜம்மா கூப்பிடுவார். இவருக்குக் கை வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளின் உடம்பை அந்த நிலையில் தொட பயம். அதனால் காதில் மாட்டியிருந்த மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

“எம் பொண்ணுகிட்டகூட சொன்னதில்ல அண்ணே. யார்கிட்டயும் சொன்னதில்ல. ஆம்பளைக்கு ஆம்பளை சொல்றேன்” என்று முடித்திருந்தார்.

பெர்னிஸ் அதை வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவருக்கு எழுதினாள். அம்மாவை எட்டு மாதம் நான்தான் குளிப்பாட்டினேன். சில நாள் வெறுப்பாக இருந்தது. ஒரு நாள் கோபத்தில் தண்ணீரை முகத்தில் வேகமாக ஊற்றிவிட்டேன். அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை போகமாட்டேன் என்கிறது.

உடனே பதில் வந்தது. “ஒரு மகன் அம்மாவக் குளிப்பாட்டுறதுன்னா சும்மாவா அண்ணே? ஒரு நாள் கோவம் வந்தா என்ன? ஒங்களுக்குக் கோயில் கட்டலாம்.”

அம்மாவின் அடக்கத்துக்கு வந்த யாரும் அவளிடம் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. பொண்ணு இருந்ததாலே பரவாயில்லை என்றுதான் சொன்னார்கள். பெர்னிஸ் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டாள். அது தனக்கு வந்ததில்லை, இல்லாத ஒரு மகனுக்கு வந்தது என்பது தெரிந்திருந்தும் வைத்துக்கொண்டாள்.

போன ஜூன் மாதம், சனிக்கிழமை மகள் வீட்டுக்கு வருவதாகவும், வழியில் கிள்ளானில் அண்ணனைப் பார்த்துவிட்டுப் போக ஆசை என்றும் எழுதினார். சனிக்கிழமை நான் ஊரில் இல்லை என்று எழுதினாள். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் முழுப்பொய். பரவாயில்லை அண்ணே, இன்னொரு நாள் என்றார் அவர்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கார் நிறுத்துகிற இடத்தில் மேசையைப் போட்டு, ரம்பத்தை வைஸ் இடுக்கியில் பிடித்து அரம் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மெலிந்த, உயரமான மனிதர் ஒருவர் இறங்கினார். பின் சீட்டிலிருந்து, சாக்குத் துணி சுற்றிய பெரிய பொருள் ஒன்றை ஓட்டி வந்த பெண், மகளாக இருக்க வேண்டும், எடுத்துக் கொடுத்தாள். பெயர் கேட்காமலே பெர்னிஸுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. உள்ளே ஓட நேரமில்லை.

“அந்தோணி அண்ணன் ஊர்ல இல்லன்னாரு. தெரியும். இத வெச்சிட்டுப் போயிரலாம்னு வந்தேன்மா” என்றார். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரல். “நீங்க அவருக்கு...?”

“தங்கச்சி” என்றாள்.

அவர் கையைக் காதருகே வைத்தார். அவள் அதே பொய்யை இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

துணியைப் பிரித்துக் காட்டினார். செங்கால் மரத்தில் செய்த ரம்பத் தாங்கி. நின்றுகொண்டு அரம் போட, ரம்பத்தின் முழு நீளத்தையும் இரண்டு பலகைக்கு நடுவே ஆடாமல் பிடித்துக்கொள்கிற, கால் வைத்த சாமான். ஆணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் கொளுவி இறுக்கியது. உச்சியில் பி.அ. என்று சூட்டுக்கம்பியால் எழுதியிருந்தது. அண்ணன் உயரம் தெரியாததால் ஒரு நடுத்தர ஆம்பளைக்கு என்று வைத்து அளவு எடுத்ததாகச் சொன்னார். பேசிக்கொண்டே அவர் கண் மேசைக்குப் போனது. வைஸில் பாதி தீட்டிய ரம்பம். அவள் கையில் அரம். விரல் நுனியெல்லாம் இரும்புத் தூள் படிந்து கறுத்திருந்தது. பூதக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.

அண்ணன்கிட்ட சொல்லுங்கம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் காலை செய்தி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தாங்கி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுதினாள். படித்துவிட்ட அடையாளம் நீலமாக விழுந்தது, பதில் வரவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதினாள். நீலம். பதினோரு நாள் இப்படிப் போனது. கோப்பியை ஊற்றிவிட்டுப் போனைப் பார்ப்பாள், கோப்பி ஆறிவிடும். எழுதிச் சொல்லிவிடலாம் என்று பல தடவை ஆரம்பித்து அழித்தாள். எழுத்தில் சொன்னால் அந்தோணி சொல்கிற மாதிரியே இருந்தது. ஆளே போய்ச் சொல்ல வேண்டும்.

கிள்ளானிலிருந்து ரவாங் வரைக்கும் ஒரே ரயில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்கு செய்துகொண்டு போனாள். கூரியர் அனுப்பி அனுப்பி அவர் முகவரி மனப்பாடம். ஸ்டேஷனிலிருந்து கிராப் கார் பிடித்து, தாமான் குடியிருப்பு ஒன்றில் முனை வீட்டுக்கு முன்னால் இறங்கினாள். கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஒரு இழைப்புளியின் இரும்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஒரு விஷயம் சொல்லணும்” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். காதில் மிஷின் இல்லை. கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். அவள் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சீனத்தி திரும்பிப் பார்த்தாள். ரயிலில் இரண்டு மணி நேரம் மெல்லிய வார்த்தைகளாகத் தேடித் தேடி அடுக்கியதெல்லாம் போயிற்று. பெர்னிஸ் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கக் கத்தினாள்.

“நான்தான் அந்தோணி. அண்ணன்னு யாரும் இல்ல. எழுதினதெல்லாம் நான்தான்.”

“தெரியும்மா” என்றார் அவர். “வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க.”

உள்ளே போய் மிஷினை மாட்டிக்கொண்டு வந்தார். கோப்பி கலந்து கொடுத்தார், சர்க்கரை கூடுதலாக இருந்தது. சுவரில் வரிசையாக இழைப்புளிகள், அவள் அனுப்பின ஐந்தும் அதில் இருந்தன. இன்னொரு சுவரில் மாலை போட்ட படத்தில் இராஜம்மா. இவ்வளவு நாள் எழுத்தில் மட்டுமே அறிந்த முகத்தை அப்போதுதான் பார்த்தாள். வட்டமான, சாதாரணமான, சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம்.

கை விரலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்றார். வீட்டுக்கு வந்து பழைய செய்திகளை முதலிலிருந்து படித்துப் பார்த்தாராம். கடைசியில் ஊரில் இல்லை என்றதைத் தவிர ஒரு இடத்திலும் பொய் இல்லை, தான்தான் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று புரிந்ததாம். அதனால் கோபப்பட வழியில்லை என்றார். பெர்னிஸ் மன்னிப்புக் கேட்டாள். ரோஜாப்பூ கதையைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“அப்புறம் ஏன் எழுதல?” என்றாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இத எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. அன்னைக்கி எழுதினேன்ல, இராஜம்மா விஷயம். நீங்க ஒங்க அம்மாவப் பத்தி எழுதினீங்க. ஒரு ஆம்பளை செஞ்சிருக்காரே, நான் செய்யலையேன்னு இத்தன நாளா வெக்கமா இருந்துச்சு. அந்த வெக்கம் எனக்கு வேண்டியிருந்துச்சு. தண்டன மாதிரி. இப்ப பொம்பளதான் செஞ்சதுன்னு தெரிஞ்சதும், சட்டுன்னு மனசு லேசாயிருச்சு. பொம்பள செய்யறதுதானேன்னு தோணிருச்சு. அப்படித் தோணினது எனக்குப் பிடிக்கல. அதான் எழுதல.”

பெர்னிஸ் அவரையே பார்த்தாள். கோயில் கட்டலாம் என்ற சொல்லை இத்தனை நாள் பத்திரப்படுத்தியிருந்தாள். இப்போது அதை அவர் கேட்காமலே திருப்பி வாங்கிக்கொண்டுவிட்டார்.

“பொம்பளைக்கு மட்டும் அது சுலபமா?” என்றாள்.

அவர் காதில் மிஷின் இருந்தது. கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. இராஜம்மாவின் படத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“சுலபமில்லதான்” என்றார் கடைசியில்.

அதற்கு மேல் அந்தப் பேச்சைப் பேச இரண்டு பேருக்கும் வழி தெரியவில்லை. எழுத்தில் என்றால் அந்தோணியும் ராதாகிருஷ்ணனும் பேசியிருப்பார்கள். எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த இந்த இருவருக்கும் அன்றைக்குத்தான் அறிமுகம்.

கிளம்பும்போது தாங்கி உயரம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அதிகம், முக்காலி போட்டு ஏறி நிற்கிறேன் என்றாள்.

“காலுல நாலு விரக்கட வெட்டிருங்க. நாலும் சமமா வெட்டணும், இல்லன்னா ஆடும்” என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, “நீங்க வந்தது பெரிய மனசும்மா. ஆனா எனக்கு அந்த அண்ணன் இல்லாமப் போயிட்டாரு. அவர்கிட்ட சொன்ன மாதிரி இனி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒங்க மேல தப்பில்ல” என்றார்.

எனக்கும்தான் அவர் இல்லாமல் போய்விட்டார் என்று சொல்ல நினைத்தாள். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுங்கை பூலோ வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தாள், அதற்கப்புறம் முடியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் டிஷ்யூ பொட்டலத்தை நீட்டினாள்.

அடுத்த வாரம் செய்தி வந்தது. “வணக்கம் சிஸ்டர். ஒரு ரம்பம் அனுப்பியிருக்கேன். ஒரு இஞ்சுக்குப் பத்துப் பல்லு கணக்கு. அவசரம் இல்ல. நன்றி.” அவள் தீட்டி அனுப்பினாள். கிடைத்தது சிஸ்டர், நன்றி என்று வந்தது. மழையைப் பற்றியோ முழங்காலைப் பற்றியோ அவர் அதற்குப் பிறகு எழுதவில்லை. அவள் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். பரவாயில்லை சிஸ்டர் என்று பதில் வந்தது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதையைத் தாண்டி உள்ளே போகத்தான் முடியவில்லை.

செப்டம்பரில் பிரிக்ஃபீல்ட்ஸில், கடை மாடியில் ஒரு மண்டபம் பிடித்து, குழுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுகூடுவதாக அறிவித்தார்கள். குழுவை நடத்துகிற பரமேஸ்வரன் எல்லாரையும் பெயர் கொடுக்கச் சொன்னார். வருஷா வருஷம் நடப்பதுதான், அவள் போனதில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுப் பெர்னிஸ் அந்தோணி என்று பெயர் கொடுத்தாள். படத்தையும் மாற்றினாள். குழுவில் ஒருவர் பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் போட்டார், அதோடு போயிற்று.

ஆறு ரம்பங்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். முப்பது நாற்பது ஆண்கள். மேசைகளில் சுத்தியலும் துறப்பணமும் உளியும் பரப்பிக் கிடந்தன. எண்ணெய் வாசனை. அவள் மேசைக்கு வந்தவர்கள் ரம்பத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், அந்தோணி எங்கே என்று கேட்டார்கள். நான்தான் என்று மூன்று தடவை சொன்னாள். ஒருவர் சிரித்துவிட்டு, இல்ல லா ஆன்டி, தீட்டினது யாரு என்றார்.

இரண்டு மேசை தள்ளி இழைப்புளிகளை அடுக்கிக்கொண்டிருந்த ராதாகிருஷ்ணன் எழுந்து வந்தார். அன்றைக்குக் காதில் மிஷின் இருந்தது.

“இவங்கதான்” என்றார், அந்த உரத்த குரலில். மண்டபமே திரும்பிப் பார்த்தது. “ரெண்டு வருஷமா எனக்குத் தீட்டிக் குடுத்தது இவங்க கைதான். சந்தேகம் இருந்தா இப்பவே அறுத்துப் பாருங்க.”

பரமேஸ்வரன் ஒரு கட்டையைக் கொண்டுவந்து வைத்தார். சிரித்தவரே ரம்பத்தை எடுத்து இழுத்தார். கட்டை இரண்டாகிக் கீழே விழுந்தது. அவர் வெட்டு முகத்தைத் தடவிப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார், அவரும் தடவினார். பிறகு கேள்விகள் வந்தன. எத்தனை நம்பர் அரம், எந்தக் கோணம், பல் ஒடிந்திருந்தால் என்ன செய்வது. அவள் அடுத்த ஒரு மணி நேரம் பேசினாள். அம்மா போன பிறகு ஒரே நாளில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

ராதாகிருஷ்ணன் நிற்கவில்லை. கட்டை விழுந்ததுமே தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். மத்தியானம் கீழே வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் அவர் நான்கைந்து ஆண்களோடு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் அவரைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். அவரைத் தோளில் தட்டி, அண்ணே என்று கூப்பிட்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார் ராதாகிருஷ்ணன். ஓரத்து மேசையில் இருந்த பெர்னிஸுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தது. அவர் அப்படிக் கூப்பிடுவதைக் குரலாக அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. சோற்றைப் பிசைந்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ரசம் ஊற்ற வந்தவர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.

சாப்பிட்டு எழுந்தபோது, சாலாக் செலாத்தானிலிருந்து வந்திருந்த சீனப் பெரியவர் ஒருவர் அவளைத் தேடி வந்தார். தச்சு வேலை செய்கிறவராம். செய்தித்தாளில் சுற்றிய மூன்று ரம்பங்கள் வைத்திருந்தார். தீட்டித் தர முடியுமா என்று மலாயில் கேட்டார். ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுவில் ஐந்து பற்கள் போயிருந்தன. முடியும், மூன்று வாரம் ஆகும் என்றாள். பெரியவர் போனை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டார். பெயர் என்னவென்று கேட்டார். சொன்னாள். அவருக்கு அந்தப் பெயரை எழுத வரவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் தட்டிவிட்டு, சரியா என்று திரையை அவளிடம் காட்டினார். சரிதான்.

மூன்றையும் கையில் அணைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். கிள்ளான் ரயிலுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.